ஒரு ஸ்டிக்கரை நாற்பதாக்கும் வேலை

கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். சீவல் வியாபாரி ஒருவர் பொட்டலத்தில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கேட்டு வந்தார். 60 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம். டிசைன் முடிந்தது, அவரும் பார்த்துத் தலையாட்டிவிட்டார். இனி ஒரு தாளில் 40 ஸ்டிக்கர் அடுக்க வேண்டும். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+வி என்று அடித்து, ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்துக் கண்ணளவில் வரிசை கட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அச்சுக்கு அனுப்பப் போகும் நேரத்தில் போன்.

"தம்பி, போன் நம்பர்ல கடைசி எண் ஆறு இல்ல, ஒன்பது."

நாற்பது இடத்தில் மாற்ற வேண்டும். முப்பத்தெட்டு இடத்தில் மாற்றினேன். விட்டுப்போன இரண்டைக் கட்டிங் எல்லாம் முடிந்த பிறகு முதலாளிதான் கண்டுபிடித்தார்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதவை இரண்டு. ஒரு படத்தை வேகமாகப் பல படமாக்குவது ஒன்று. ஆக்கிய பிறகும் அத்தனையும் ஒரே மூலத்தோடு கட்டுப்பட்டிருக்கும்படி செய்வது மற்றொன்று. புதிதாக வருகிறவர்கள் முதலாவதைத்தான் கேட்பார்கள். வேலையைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான்.

நகல் வேறு, குளோன் வேறு

நகல் எடுத்தால் அது தனிப்பிறவி. மூலத்தில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. குளோன் என்பது மூலத்தின் நிழல் மாதிரி. "அங்கே இருப்பதையே இங்கேயும் காட்டு" என்ற ஒரு குறிப்பு மட்டுமே கோப்பில் எழுதப்படுகிறது. மூலத்தில் ஆறை ஒன்பதாக்கினால் நாற்பதும் ஒன்பதாகிவிடும்.

திருபுவனம் பக்கம் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்கும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு புட்டாவுக்கு, அதாவது புடவையில் திரும்பத் திரும்ப வரும் பூ வடிவத்துக்கு, வேண்டிய அட்டைகளை ஒருமுறை குத்திக் கோத்துவிட்டால் போதும், அதே அட்டைகள் சுற்றிச் சுற்றி வந்து புடவை முழுக்கப் புட்டாவைப் போட்டுக்கொண்டே போகும். ஒரே ஒரு வித்தியாசம். தறியில் அட்டையை மாற்றினால் இனி நெய்யப்போகும் புட்டாதான் மாறும். குளோனில் போட்டு முடித்ததும் சேர்ந்து மாறும்.

மென்பொருளுக்கு மென்பொருள் இதற்குப் பெயர் வேறு. இங்க்ஸ்கேப்பில் குளோன். கோரல் டிராவிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் சிம்பல். போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். பெயர் எதுவானாலும் வேலை இதுதான்.

முதலில் தாளில் கணக்கு

கணினியைத் தொடுவதற்கு முன் பேனாவை எடுங்கள். டிஜிட்டல் பிரஸ்ஸில் அதிகம் ஓடுவது 12×18 அங்குல ஷீட், அதாவது 304.8×457.2 மி.மீ. ஓரத்தில் மெஷின் பிடிப்பதற்கு இடம் விட்டு 290×440 மி.மீ. நமக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பிரஸ்ஸில் எவ்வளவு விடச் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கர் 60×40. கத்தி ஒரு நூல் விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாமல் இருக்க, பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 1 மி.மீ. நீட்ட வேண்டும். இதைத்தான் ப்ளீட் என்பார்கள். ஆக ஒரு கட்டம் 62×42.

படுக்கையாக வைத்தால் குறுக்கே 4, கீழே 10, மொத்தம் 40. அதையே நிமிர்த்தி வைத்தால் குறுக்கே 6, கீழே 7, மொத்தம் 42. வெறுமனே திருப்பி வைத்ததில் இரண்டு கூடிவிட்டது. இன்னும் இருக்கிறது. படுக்கையாக நான்கு பத்தி (நெடுக்கு வரிசை) வைத்தால் 248 மி.மீ. போகும், பக்கத்தில் 42 மி.மீ. மிஞ்சும். அந்த இடத்தில் நிமிர்த்திய பத்தி ஒன்று கச்சிதமாக உட்காரும். அதில் 7. மொத்தம் 47.

ஆயிரம் ஸ்டிக்கருக்கு 40 வீதம் என்றால் 25 ஷீட், 47 வீதம் என்றால் 22 ஷீட். மூன்று ஷீட் மிச்சம். சின்ன ஆர்டரில் இது பெரிதாகத் தெரியாது. ஸ்டிக்கர் ஷீட்டுக்குக் காசு கொடுக்கும் முதலாளிக்குத் தெரியும். ஆனால் இப்படிக் கலந்து வைத்தால் கட்டிங் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரத்துப் பத்தியை முதலில் தனியாக வெட்டிப் பிரித்துக்கொண்டுதான் அவர் மற்றதைத் தொட முடியும். சொல்லாமல் அனுப்பினால் திட்டு நிச்சயம்.

பின்னணி முழுக்க ஒரே நிறம், ஓரத்தில் பார்டர் கோடு கிடையாது என்றால் ப்ளீட்டே வேண்டாம். 60×40 கட்டங்களை ஒட்டி ஒட்டி வைத்து ஒரே வெட்டில் இரண்டையும் பிரிக்கலாம். அப்போது கீழே 11 வரிசை வரும். 44, ஓரத்துப் பத்தி 7, ஆக 51. இது டிசைனைப் பொறுத்தது. பார்டர் இருக்கும் டிசைனில் இந்தச் சிக்கனத்துக்கு ஆசைப்பட்டால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வெட்டு விழும்.

இங்க்ஸ்கேப்பில் செய்வது

இது இலவசம், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். இந்த ஒரு வேலைக்கு இதைவிட வசதியான மென்பொருளை நான் பார்க்கவில்லை. புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

1. ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, தாளின் அளவை 304.8×457.2 மி.மீ. என்று வையுங்கள்.

2. ஸ்டிக்கரின் பின்னணிக் கட்டத்தை 62×42 மி.மீ. ஆக வரையுங்கள். அதற்கு ஓரக்கோடு இருக்கக் கூடாது. ஓரக்கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவில் சேர்ந்துகொள்ளும், நாற்பதாவது ஸ்டிக்கர் தன் இடத்தைவிட்டு விலகிப் போய் நிற்கும். படம், எழுத்து எல்லாவற்றையும் உள்ளே வைத்து, எல்லாம் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்+ஜி அடித்துக் குழுவாக்குங்கள்.

3. குழுவை இடது மேல் மூலையில் வையுங்கள். மேலே உள்ள எக்ஸ், ஒய் பெட்டிகளில் 7.4, 11.6 என்று எண்ணாகவே அடித்துவிடுங்கள். மவுஸால் இழுக்க வேண்டாம்.

4. எடிட் மெனு, அதில் குளோன், அதில் கிரியேட் டைல்டு குளோன்ஸ். திறக்கும் பெட்டியைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் வேலையாக ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். போன வேலையில் போட்ட எண்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கும், முக்கால்வாசிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம்.

5. சிமெட்ரி தாவலில் பி1 (திருப்பாமல் வெறுமனே நகர்த்தி அடுக்குவது) இருக்கட்டும். கீழே வரிசை 10, பத்தி 4. கிரியேட்.

அவ்வளவுதான். நாற்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். பிடிக்கவில்லையா, மூலத்தைத் தேர்ந்தெடுத்து அதே பெட்டியில் ரிமூவ் அழுத்தினால் எல்லாம் போய்விடும், மூலம் மட்டும் இருக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம். மூலத்தின் தலைமேலேயே முதல் குளோன் வந்து உட்காரும். ஆக அந்த மூலையில் மட்டும் இரண்டு இருக்கும். ஒளி ஊடுருவும் நிழல் ஏதாவது டிசைனில் இருந்தால் அந்த ஒரு ஸ்டிக்கர் மட்டும் கறுத்து அச்சாகும். மூலையில் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். அடியில் உள்ள நிலைப்பட்டியில் குளோன் என்று காட்டினால் டெலிட் அடியுங்கள். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். அழித்தால் குளோன்கள் எல்லாம் கட்டறுந்து தனித்தனி நகலாகிவிடும், நாம் பட்ட பாடு வீண்.

ஓரத்துப் பத்திக்கு: மூலத்தைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+டி அடித்தால் ஒற்றைக் குளோன் ஒன்று பிறக்கும். டூல்பாரில் 90 டிகிரி திருப்பும் பொத்தானை அழுத்தி, அதைத் தனியாக ஒரு குழுவாக்கி, எக்ஸ் பெட்டியில் 255.4, ஒய் பெட்டியில் 11.6 கொடுங்கள். திரும்பவும் டைல்டு குளோன்ஸ், வரிசை 7, பத்தி 1. தலைமேல் உட்காரும் முதல் குளோனை இங்கேயும் எடுத்துவிடுங்கள்.

இனி மாற்றம் வந்தால் படுக்கையாக உள்ள எந்தக் குளோனைத் தொட்டும் ஷிஃப்ட்+டி அடியுங்கள், மூலத்துக்குக் கொண்டுபோய் விடும். இரட்டைக் கிளிக் செய்து குழுவுக்குள் போய் எழுத்தைத் திருத்துங்கள். நாற்பத்தேழும் திருந்திவிடும். அதே சீவல்காரர் பிறகொரு முறை வந்தபோது போன் நம்பர் சரியாகத்தான் இருந்தது, பொட்டலத்தின் எடையை மட்டும் 50 கிராமிலிருந்து 45 கிராமாக்கச் சொன்னார். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் புது ஷீட் தயார்.

ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்றால் அந்தக் குளோனைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+ஆல்ட்+டி. கட்டு அறுந்து அது மட்டும் தனியாகிவிடும்.

சிமெட்ரி தாவலில் பி1-க்குக் கீழே இன்னும் பதினாறு வகை இருக்கும். ஒரு வடிவத்தைத் தளம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பரப்ப, கணிதப்படி 17 சமச்சீர் முறைகள்தான் உண்டு, அந்தப் பட்டியல் அதுவேதான். ஒரு சுழியை வரைந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மார்கழிக் கோலம் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள், உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

வட்டமாக அடுக்க

சீவல் ஸ்டிக்கருக்கு நடுவில் தாம்பாளம் போல் வெற்றிலைகளை வட்டமாக அடுக்கியிருந்தோம். ஒரு வெற்றிலை வரைந்தால் போதும். அதன்மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் திருப்பும் அம்புகள் வரும், நடுவில் சின்னக் கூட்டல் குறி ஒன்று தெரியும். அந்தக் கூட்டல் குறியை இழுத்து, வட்டத்தின் மையம் எங்கே வரவேண்டுமோ அங்கே விடுங்கள். பிறகு டைல்டு குளோன்ஸில் ரீசெட், வரிசை 1, பத்தி 12. ரொட்டேஷன் தாவலில் ஒரு பத்திக்கு 30 டிகிரி. இதோடு கிரியேட் அழுத்தினால் வெற்றிலைகள் சுழன்றுகொண்டே வலப்பக்கம் நடந்து போய்விடும். ஷிஃப்ட் தாவலில் பத்திக்கான எக்ஸ்க்ளூட் டைல் என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் ஒரே மையத்தில் சுற்றும். 360-ஐ எண்ணிக்கையால் வகுத்து வருவதுதான் கோணம், எட்டு இலை என்றால் 45.

கோரல் டிராவில்

நம் பக்கத்து அச்சகங்களில் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது, அதனால் தெரிந்துகொள்ளாமல் தப்பிக்க முடியாது. ஸ்டிக்கரைக் குழுவாக்கி முதலில் சிம்பல் மெனுவில் நியூ சிம்பல் கொடுங்கள். பிறகு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி. ஸ்டெப் அண்ட் ரிப்பீட் பெட்டி திறக்கும். குறுக்கு அமைப்பில் ஸ்பேசிங் பிட்வீன் ஆப்ஜெக்ட்ஸ், தூரம் 0, திசை வலது. நெடுக்கு அமைப்பில் நோ ஆஃப்செட். நகல்களின் எண்ணிக்கை 3. நான்கு அல்ல, மூன்று. கோரல் மூலத்தைக் கணக்கில் சேர்க்காது, இங்க்ஸ்கேப் வரிசை எண்ணிக்கையில் சேர்த்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் தடுமாறும் இடம் இது. நான்கு வந்ததும் அந்த நான்கையும் தேர்ந்தெடுத்து, இப்போது குறுக்கில் நோ ஆஃப்செட், நெடுக்கில் தூரம் 0, திசை கீழே, எண்ணிக்கை 9.

அவசரத்துக்கு இன்னொரு வழி. பொருளை இடது பொத்தானால் இழுத்துக்கொண்டே போய், விட வேண்டிய இடத்தில் வலது பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அங்கே ஒரு நகல் விழும். பிறகு கண்ட்ரோல்+ஆர் அடித்துக்கொண்டே போங்கள், அதே இடைவெளியில் நகல்கள் வரிசையாக விழும். இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட் பிடித்து இழுத்து, கண்ட்ரோல்+டி.

எந்த வசதியும் இல்லாத மென்பொருளில், போன் செயலியில்கூட, இரட்டிப்பு முறை கைகொடுக்கும். ஒன்றை நகலெடுத்து இரண்டு, இரண்டையும் சேர்த்து நகலெடுத்து நான்கு, பிறகு எட்டு. ஆறாவது தடவையில் 64 வந்துவிடும். ஒவ்வொன்றாகப் போட்டால் 63 தடவை.

போட்டோக்களுக்கு ஜிம்ப்

கோடுகளால் ஆன டிசைனுக்கு மேலே சொன்னவை. பாஸ்போர்ட் அளவுப் படம் போன்ற வேலைக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். 35×45 மி.மீ. படம், 300 பி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) தெளிவில் 413×531 பிக்சல். 6×4 அங்குலத் தாள் 1800×1200 பிக்சல். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தாளை நாலுக்கு இரண்டாகப் பிரித்தால் ஒரு கட்டம் 450×600. பின்னணி நிறம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸை 450×600 ஆக்கி, சென்டர் அழுத்தி, ரீசைஸ் கொடுத்து, பிறகு ஃபிளாட்டன் இமேஜ். படத்தைச் சுற்றி வெட்டுவதற்கு வெள்ளை ஓரம் தானாக வந்துவிட்டது. இப்போது ஃபில்டர்ஸ், மேப், டைல். அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே உள்ள சங்கிலியைக் கழற்றிவிட்டு 1800, 1200 என்று கொடுத்தால் எட்டுப் படமும் ஓரம் பிசகாமல் நிற்கும்.

போட்டோஷாப்பில் இதையே எடிட் மெனுவின் டிஃபைன் பேட்டர்ன் கொண்டு செய்யலாம். அந்த 450×600 கட்டத்தைப் பேட்டர்னாகச் சேமித்து, 1800×1200 வெற்றுத் தாளில் ஃபில் கொடுத்தால் முடிந்தது.

கோப்பு ஊதிப்போனால்

கடைக்கு வரும் பையன்கள் அடிக்கடி கேட்பது, "அண்ணே, ஃபைல் திறக்கவே மாட்டேங்குது." திறந்து பார்த்தால், போனில் எடுத்த 4000×3000 பிக்சல் படத்தை அப்படியே உள்ளே போட்டு, 20 மி.மீ. அளவுக்குச் சுருக்கி, கண்ட்ரோல்+டி அடித்து 47 நகல் எடுத்திருப்பார்கள். சுருக்கினால் கண்ணுக்குத்தான் சின்னது, கோப்புக்குள் முழு எடையும் இருக்கிறது. இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பில் 3 எம்.பி. படம் எழுத்துகளாக மாற்றி எழுதப்படும்போது ஏறக்குறைய 4 எம்.பி. ஆகும். நகல் ஒவ்வொன்றும் அதைத் தனியாகச் சுமக்கும், 47 நகல் என்றால் 188 எம்.பி. குளோன் என்றால் அந்த 4 எம்.பி. ஒரே தடவைதான்.

அதோடு, 20 மி.மீ. அகலத்துக்கு 300 பி.பி.ஐ.யில் 236 பிக்சல் போதும். படத்தை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே சுருக்கிவிடுங்கள். இரண்டு மடங்கு வைத்துக்கொண்டாலும் 500-ஐத் தாண்டத் தேவையில்லை.

குளோன் உதவாத வேலையும் உண்டு. கோயில் அன்னதானத்துக்கு 1 முதல் 500 வரை எண் போட்ட டோக்கன் கேட்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் எண் மாறுகிறது, ஆக குளோன் போட்டால் ஐந்நூறு பேருக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். கோரலில் பிரிண்ட் மெர்ஜ் இருக்கிறது. எக்ஸெலில் எண் பட்டியல் தயாரித்து இணைத்தால் அதுவே நிரப்பிக்கொண்டு போகும்.

ஷீட் முழுக்க அடிப்பதற்கு முன் சாதாரணத் தாளில் ஒன்றே ஒன்று எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். படுக்கையாக அடுக்கிய பத்து வரிசையின் மொத்த உயரம் 420 மி.மீ. வரவேண்டும். குறைந்து 408, 410 என்று வந்தால் டிசைனைத் திறக்காதீர்கள். பிரிண்ட் பெட்டியில் ஃபிட் டு பேஜ் டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று கொடுங்கள்.